வீடு என்று எழுதித் தாருங்கள்

ஓமந்தை
18.08.2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

நானும் மகள் லக்சிகாவும் சுகமாக இருக்கிறோம். உங்கள் காது இப்போது எப்படி இருக்கிறது? போன கிழமை போனில் கதைத்தபோது நான் சொன்னதை நீங்கள் மூன்று தரம் திருப்பிக் கேட்டீர்கள். பிறகு அண்ணி போனை வாங்கி, "அவருக்கு விளங்கேல்லை, எனக்குச் சொல்லும்" என்றா. அது உங்களிடம் மட்டும் சொல்ல வேண்டிய விசயம். ஆகையால் சும்மா சுகம் விசாரித்துவிட்டு வைத்துவிட்டேன். இனி எழுதுவதுதான் நல்லது.

புதிதாகத் தெரிவான பிரதேச சபை ஆதன வரியைத் திருத்தியிருக்கிறது. வீடுகளுக்கு ஒரு வீதம், வியாபாரம் நடக்கிற இடங்களுக்கு அதைவிடக் கூடின வீதம். அதற்காக ஏ9 வீதியோரத்து வளவுகளை எல்லாம் அளந்துகொண்டு போனார்கள். பத்து நாளைக்கு முன்னர் அறிவித்தல் வந்தது. காணி உங்கள் பெயரில் இருப்பதால் 'திரு. மயில்வாகனம்' என்றே வந்திருக்கிறது. இடம் எதற்குப் பயன்படுகிறது என்று கேட்கிற 'பாவனை' என்ற கட்டத்தில் 'வியாபாரம்' என்று போட்டிருக்கிறார்கள். வந்த பரிசோதகர் முன்னால் கிடந்த மேசை கதிரையைப் பார்த்துவிட்டு எழுதியிருக்க வேண்டும்.

ஆட்சேபனை தெரிவிப்பதென்றால் காணிக்காரர் கையெழுத்து வைத்த கடிதம் வேண்டுமாம். இது குடியிருக்கிற வீடு என்று ஒரு கடிதம் எழுதித் தாருங்கள். நீட்டி எழுத வேண்டாம். வீடு என்று இருந்தால் போதும்.

இங்கே இன்னும் மழை இல்லை. கிணறு இறங்கிவிட்டது. குளிர் தொடங்க முன்னர் காதை டொக்டரிடம் காட்டுங்கள்.

அன்புத் தங்கை
நாகேஸ்வரி


பொபினி, பிரான்ஸ்
07.09.2025

என் அன்புத் தங்கச்சி நாகேசுக்கு,

கடவுள் புண்ணியத்தில் நாங்கள் இருக்கிறோம். உனது கடிதம் பதினாறு நாளில் வந்து சேர்ந்தது. காது அப்படியேதான் இருக்கிறது. ஆலை இரைச்சலில் முப்பது வருடம் நின்றதற்கு இதுதான் மிச்சம்.

அறிவித்தலைப் பற்றி வாசித்தபோது எனக்குக் கொதித்துக்கொண்டு வந்தது. ஒரு மேசையும் நாலு கதிரையும் கிடந்தால் அது கடையா? அந்தப் பரிசோதகரின் பெயர் என்ன? ரோட்டோரம் மலைநாட்டுச் சனம் தகரத்தைச் சாத்திக் கடை போடுகிறதாம் என்று இங்கே கேள்விப்பட்டேன். அவர்களோடு எங்களையும் சேர்த்து எழுதிவிட்டான் போல.

கேட்டபடி கடிதம் இத்துடன் இருக்கிறது. கொஞ்சம் நீட்டித்தான் எழுதினேன். 'இது எனது தங்கை வசிக்கும் வீடு. இங்கு எந்த வியாபாரமும் ஒருபோதும் நடந்ததில்லை, இனியும் நடக்காது. இதற்கு நான் பொறுப்பு' என்று எழுதிக் கையெழுத்து வைத்திருக்கிறேன். அப்பாவின் காணியில் எவனும் கடை என்று எழுத முடியாது. கொண்டுபோய்ச் சபைத் தவிசாளரின் கையிலேயே கொடு.

மகன் யதுர்ஷன் வேறு வீடு பார்க்கிறான். அண்ணி உன்னைக் கேட்டதாகச் சொன்னா.

உன் நலத்தை எந்நேரமும் நினைக்கும்
அண்ணா


ஓமந்தை
29.09.2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

கடிதமும் அதற்குள் இருந்த கடிதமும் கிடைத்தன. நாங்கள் நலம். லக்சிகாவுக்குச் சோதனை நடக்கிறது. நித்திரை இல்லாமல் படிக்கிறாள்.

சபையில் ஆட்சேபனைகளை விசாரிக்கும் திகதி தள்ளிப்போய்விட்டது. நிறையப் பேர் எழுதிக் கொடுத்திருக்கிறார்களாம். பரிசோதகரின் பெயர் சுதாகரன். நல்ல பெடியன், கோபிக்க வேண்டாம்.

நான் தனிய இருக்கிறேன் என்று கவலைப்பட வேண்டாம். எனக்குத் துணையாக ஒரு ஆள் நிற்கிறா.

யதுர்ஷனுக்கு ஏன் வேறு வீடு? உங்களோடுதானே இருந்தான்?

நாகேஸ்


பொபினி
21.10.2025

நாகேசுக்கு,

நாங்கள் இருக்கிறோம். நீயும் சுகமாக இருப்பாய் என்று நினைக்கிறேன்.

நான் கேட்டது ஒன்று, நீ எழுதியது வேறொன்று. எனது கடிதத்தைக் கொடுத்தாயா இல்லையா என்று ஒரு சொல் எழுதவில்லை. துணைக்கு நிற்கிற ஆள் யார் என்றும் எழுதவில்லை.

நான் வீரகத்திக்கு எழுதிக் கேட்டேன். காணி வாங்கி விற்கிற அதே வீரகத்திதான். அவன் ஒரு படம் எடுத்து யதுர்ஷனின் போனுக்கு அனுப்பியிருக்கிறான். என் வீட்டுக்கு முன்னால் ஒரு கொட்டகை. கொட்டகைக்குள் சனம் இருந்து சாப்பிடுகிறது. மேலே போர்ட். 'வடிவம்மா சாப்பாட்டுக் கடை.'

யார் இந்த வடிவம்மா? அப்பாவின் காணியில் யாரோ ஒருத்தியின் பெயர் எப்படி ஏறியது? எந்த வியாபாரமும் நடந்ததில்லை, நான் பொறுப்பு என்று எழுதிக் கையெழுத்து வைத்தவன் நான். என்னைப் பொய்யனாக்க உனக்கு எப்படி மனம் வந்தது?

பதில் எழுது.

மயில்வாகனம்


ஓமந்தை
12.11.2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

நாங்கள் சுகம். உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். கோபத்தோடு இதை வாசிக்க வேண்டாம், ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டு வாசியுங்கள்.

உங்கள் கடிதத்தை நான் கொடுக்கவில்லை. அலுமாரியில் இருக்கிறது. ஒரு நாள் அதைக் கொண்டு சபை வாசல் வரைக்கும் போனேன். கதிரையில் இருந்து ஒரு தரம் வாசித்துப் பார்த்தேன். 'ஒருபோதும் நடந்ததில்லை' என்ற இடத்தில் கடிதத்தை மடித்தேன். எழுந்து வந்துவிட்டேன். நான் கேட்டது வீடு என்ற ஒரு சொல். அதுவே அரைப் பொய். நீங்கள் அதை முழுதாக்கி அனுப்பினீர்கள், தெரியாமல்.

கடை நடக்கிறது. இரண்டு வருடமாக நடக்கிறது. நீங்கள் காசு அனுப்புவதை நிறுத்திய பிறகுதான் தொடங்கினேன். ஏன் நிறுத்தினீர்கள் என்று நான் கேட்கவில்லை. நீங்களும் சொல்லவில்லை. குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. லக்சிகாவின் அப்பா செத்த பிறகு இவ்வளவு காலமும் பார்த்தது நீங்கள்தான். ஆனால் லக்சிகா கம்பஸ் போகத் தொடங்கிய நேரம் அது. நான் கூலிக்குக் களை பிடுங்கப் போனேன். அதையும் உங்களுக்கு எழுதவில்லை.

வடிவம்மாவை அந்த வயலில்தான் கண்டேன். செட்டிகுளத்தில் இருந்து வந்து போவாள். அவளுடைய தாய் தகப்பன் கலவரத்துக்குப் பயந்து மலைநாட்டில் இருந்து வந்த சனம். எனக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டால் என்னுடைய பங்குக் களையையும் சேர்த்துப் பிடுங்கித் தருவாள். ஒரு நாள் வரம்பில் இருந்து சாப்பிடும்போது கேட்டாள்: "அக்கா, ஊர்ல உள்ள லொறி எல்லாம் ஒங்க வாசல் வழியாத்தான் போவுது. நாம ஏன் இங்க வந்து குனிஞ்சிக்கிட்டு நிக்கிறோம்?"

அவ்வளவுதான். அடுத்த மாதம் கொட்டகை போட்டோம். நான் இடியப்பமும் சொதியும், அவள் ரொட்டியும் சம்பலும். இப்போது அவள் எங்களோடுதான் இருக்கிறாள்.

போர்டில் ஏன் அவளுடைய பெயர் என்று கேட்டீர்கள். என் பெயரைப் போட எனக்குத் துணிவு வரவில்லை, அண்ணா. உங்களுக்குத் தெரிந்துவிடும் என்ற பயம். பெயின்ற் அடிக்கிறவர் வந்து நின்றபோது நான் குசினிக்குள் போய்விட்டேன். "அப்ப என்ட பேரையே போட்டுருங்க, திட்டுனா என்னையத் திட்டட்டும்" என்று அவள் சொன்னது கேட்டது. நீங்கள் திட்டிவிட்டீர்கள். அவளுக்கு நான் அதை வாசித்துக் காட்டவில்லை.

இனிமேல் உங்களுக்கு மறைக்க என்னிடம் ஒன்றும் இல்லை. உங்களிடம் இருந்தால் எழுதுங்கள்.

நாகேஸ்வரி


ஓமந்தை
22.12.2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

எல்லாரும் உயிரோடு இருக்கிறோம். புயல் செய்தியைப் பார்த்துப் பயந்திருப்பீர்கள். வீட்டுக்குள் தண்ணீர் வரவில்லை. பின்வளவில் முழங்கால் வரை நின்றது. குளத்துப் பக்கத்துச் சனம் முப்பது பேர் நாலு நாள் எங்கள் கொட்டகைக்குள் இருந்தது. வடிவம்மா மாவைக் குழைத்தபடியே நின்றாள். யாரிடமும் காசு வாங்கவில்லை.

தபால் சில நாள் நின்றது. அதில்தான் உங்கள் பதில் அகப்பட்டுவிட்டது என்று முதலில் நினைத்தேன். இப்போது தபால்காரர் ஒழுங்காக வருகிறார். மின்சாரப் பில்லைத் தருகிறார், லக்சிகாவின் கடிதத்தைத் தருகிறார். சைக்கிள் சத்தம் கேட்டால் கை மாவோடு வாசலுக்குப் போகிறேன். வடிவம்மா சட்டியை இறக்கி வைக்கிறாள்.

சபை விசாரணை ஜனவரி மாதக் கடைசியில். ஒரு வரி எழுதினாலும் போதும். ஏசித்தான் எழுதுவீர்கள் என்றாலும் எழுதுங்கள்.

நாகேஸ்


பொபினி
06.01.2026

அன்பும் பாசமும் நிறைந்த தங்கச்சிக்கு,

புத்தாண்டு உனக்கும் மருமகளுக்கும் நல்லதாக அமையட்டும். நாங்கள் எல்லோரும் நல்ல சுகம். புயலில் தப்பியது பெரிய காரியம்.

பழையதை விடு. நடந்தது நடந்துவிட்டது. நான் யோசித்துப் பார்த்தேன். சபை வியாபாரம் என்று எழுதியிருந்தால் அப்படியே இருக்கட்டும். ஆட்சேபனை ஒன்றும் வேண்டாம். விசாரணைக்கும் போகாதே, வீண் அலைச்சல். முழு வளவும் வியாபார ஆதனம் என்று பதிவில் இருப்பது நல்லதுதான். அந்த அறிவித்தலை ஒரு போட்டோ கொப்பி எடுத்து எனக்கு அனுப்பு. மூலப் பிரதியைப் பத்திரமாக வைத்திரு.

கொட்டகை எத்தனை அடி, வீதிப் பக்கம் எத்தனை அடி என்று தெரிந்தால் அதையும் எழுது.

இடுப்பு நோவுக்கு நல்லெண்ணெய் பூசு.

அன்புடன்
உனது அண்ணா


ஓமந்தை
02.02.2026

அன்புள்ள அண்ணாவுக்கு,

இங்கு நாங்கள் சுகம். உங்கள் கடிதத்தை வாசித்துவிட்டு நான் முதலில் சந்தோசப்பட்டேன். பிறகு இரண்டாம் தரம் வாசித்தேன். அதில் வடிவம்மாவைப் பற்றி ஒரு சொல் இல்லை. அடி கேட்கிறீர்கள்.

நான் விசாரணைக்குப் போனேன். நீங்கள் போகாதே என்று எழுதிய பிறகும் போனேன். சபை மண்டபத்தில் வியாபாரிகள் நிறையப் பேர். எல்லாரும் ஒரே கதை: எங்களுடையது வீடு, கடை இல்லை. வாசலில் சைக்கிள் திருத்துகிற கடைக்காரரும் வீடு என்றுதான் சொன்னார். காணிக்காரரின் கடிதம் இல்லாவிட்டாலும் குடியிருக்கிறவர் நேரில் வந்து சொல்லலாம் என்று சுதாகரன் என் பெயரைப் பதிந்திருந்தான். என் முறை வந்தது.

"அம்மா, உங்கட ஆட்சேபனை என்ன?" என்று தவிசாளர் கேட்டார்.

"கடை இல்லையெண்டு நான் சொல்ல வரேல்லை ஐயா. கடை நடக்குது. ஆனா முழு வளவையும் கடை எண்டு எழுதியிருக்கிறியள். பின்னாலை ரெண்டு அறையும் நாங்கள் படுக்கிற இடம். அது வீடு."

ஒரு உறுப்பினர் எழும்பினார். "இப்பிடி ஒவ்வொருத்தருக்கும் அறை அறையாய்ப் பிரிச்சால் சபைக்கு வருமானம் எங்கை? அந்தக் காசிலைதானே ரோட்டு லைற் போடவேணும், குப்பை அள்ளவேணும்."

"லைற் இல்லாமல் என்ரை வாசலிலைதான் போன மாசம் ஒருத்தன் அடிபட்டவன்," என்றேன். "கடைக்கு எவ்வளவோ அதை நான் கட்டுறன். வீட்டுக்கு வீட்டு வரியைப் போடுங்கோ."

சுதாகரன் எழுந்து, இரண்டையும் தனித்தனி ஆதனமாகப் பதியலாம் என்று சொன்னான். தவிசாளர் சரி என்றார். மறுநாள் சுதாகரன் வந்து அளந்தான். முன்கொட்டகையும் விறாந்தையும் ஒரு இலக்கம், பின் அறைகளும் வளவும் இன்னொரு இலக்கம். நடுக்கதவில் எல்லை. இப்போது குசினிக்குப் போகும்போது ஒரு இலக்கத்தில் இருந்து மற்ற இலக்கத்துக்குப் போகிறேன்.

இதற்குள் இன்னொன்று. உங்கள் கடிதம் வருவதற்கு நாலு நாள் முன்னதாகவே வீரகத்தியர் வந்து, "தங்கச்சி, சபை நோட்டீசின்ரை கொப்பி ஒண்டு தாரும்" என்று கேட்டார். ஏன் என்று கேட்டேன். "உம்மடை அண்ணர் ஒண்டும் சொல்லேல்லையோ?" என்றுவிட்டுத் தேத்தண்ணியைக் குடிக்காமல் போனார்.

அண்ணா, காணியை விற்கப் போகிறீர்களா?

நாகேஸ்வரி


வவுனியா
19.03.2026

தங்கச்சி நாகேசுக்கு,

முத்திரையைப் பார்த்துத் திடுக்கிட்டிருப்பாய். நான் வவுனியாவில் ஒரு லொட்ஜில் இருக்கிறேன். வந்து ஐந்து நாள். உடம்புக்கு ஒன்றும் இல்லை. சொல்லாமல் வந்தேன், சொல்லாமலே போகத்தான் நினைத்தேன். முடியவில்லை.

நீ கேட்ட கேள்விக்குப் பதில்: ஓம். விற்க வந்தேன். ஆலை பூட்டி இரண்டரை வருடம். காது கேட்காத அறுபது வயதுக்காரனை யார் எடுப்பான்? அதுதான் காசு நின்றது. யதுர்ஷன் தனியே போனது வீட்டில் இடம் போதாமல் இல்லை. என்னோடு கதைப்பதென்றால் கத்த வேண்டியிருக்கிறது, கத்தினால் நான் கோபிக்கிறேன். அவன் போனபிறகு வாடகை முழுதும் எங்கள் தலையில். வவுனியா வியாபாரி ஒருவர் களஞ்சியம் கட்ட ஏ9 பக்கம் இடம் தேடுவதாக வீரகத்தி சொன்னான். வியாபார ஆதனம் என்று சபைப் பதிவு இருந்தால் நல்ல விலைக்குப் பேசலாம் என்றான். உன்னிடம் எப்படி எழுதுவது என்று தெரியாமல் அடி கேட்டு எழுதினேன்.

நேற்று நான் உனது கடைக்கு வந்தேன். நீ சபைக்கு வரி கட்டப் போயிருந்தாய். வீரகத்தியும் நானும் ஒரு மேசையில் இருந்தோம். ஒரு மனுசி வந்து ஏதோ சொன்னா. எனக்குக் கேட்கவில்லை, தலையாட்டினேன். அவா என் முகத்தை ஒரு கணம் பார்த்தா. பிறகு சுற்றி வந்து எனது வலப்பக்கம் நின்று, சத்தம் போடாமல், ஆறுதலாகத் திரும்பச் சொன்னா: "இடியப்பம் முடிஞ்சிருச்சுங்க ஐயா. ரொட்டி இருக்கு, சூடாப் போட்டுத் தர்றேன்." ஒவ்வொரு சொல்லும் கேட்டது. எந்தக் காது நல்ல காது என்று என் மகனுக்கு இன்னும் தெரியாது.

நான் சாப்பிடும்போது வீரகத்தி நாடாவை எடுத்துக்கொண்டு எழும்பினான். அந்த மனுசி அடுப்பை விட்டுவிட்டு ஓடி வந்தா.

"என்னாங்க செய்றீங்க?"

"சும்மா ஒரு அளவு பாக்கிறம்."

"அக்கா சபைக்குப் போயிருக்காங்க. அவங்க வராம இங்க யாரும் நாடா புடிக்கக் கூடாது."

"காணிக்காரர் சொல்லித்தான் அளக்கிறம், நீர் விலத்தும்."

"காணிக்காரரு பிரான்சுல இருக்காரு. அளக்கணும்னா அவரு வந்து அக்கா மூஞ்சியப் பாத்துச் சொல்லட்டும். அப்ப நானே ஒரு நுனியப் புடிச்சிக்கிறேன்."

வீரகத்தி என்னைப் பார்த்தான். நான் கோப்பையைப் பார்த்தேன். நான்தான் அந்தக் காணிக்காரன் என்று சொல்ல வாய் வரவில்லை. காசைக் கொடுத்துவிட்டு எழும்பி வந்துவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை விமானம். என்ன செய்வதென்று தெரியவில்லை. ரொட்டி நன்றாக இருந்தது.

அண்ணா


ஓமந்தை
21.03.2026

அண்ணாவுக்கு,

இந்தக் கடிதத்தை ஓட்டோக்காரரிடம் கொடுத்து விடுகிறேன். போன் எடுத்தால் இரண்டு பேரும் அழுதுவிட்டு ஒன்றும் கதைக்காமல் வைப்போம்.

வேலை போனதை என்னிடம் சொல்லியிருக்கலாம். நான் களை பிடுங்கினதை உங்களிடம் சொல்லியிருக்கலாம். அது போகட்டும்.

இரவு முழுக்க வடிவம்மாவோடு கதைத்தேன். ஒரு முடிவு சொல்கிறேன், கேளுங்கள். பின்பக்கத்தை வில்லுங்கள். இரண்டு அறை, கிணறு, வளவு எல்லாம். பக்கத்தால் லொறி போக ஒரு பாதை விடலாம். வீரகத்தியருக்கு அந்த விலை பிடிக்காது, பிடிக்காவிட்டால் போகட்டும். முன்பக்கத்தை எனக்கு எழுதித் தாருங்கள். சபை ஏற்கெனவே இரண்டு இலக்கமாகப் பிரித்துவிட்டது, ஆகையால் வேலை கஷ்டமில்லை.

வீட்டை விட்டுக் கடையைக் கேட்கிறாள் என்று நினைப்பீர்கள். ஓம். வீடு நீங்கள் கட்டித் தந்தது. கடை நான் கட்டினது.

நாளைக் காலை வாருங்கள். வீரகத்தியரைக் கூட்டிவர வேண்டாம். வடிவம்மாவுக்கு நீங்கள் யார் என்று சொல்லிவிட்டேன். தலையில் கை வைத்துக்கொண்டு இருக்கிறாள்.

நாகேஸ்


ஓமந்தை
17.05.2026

அன்புள்ள அண்ணாவுக்கு,

நாங்கள் மூன்று பேரும் சுகம். உங்களுக்குக் காதுக் கருவி பொருத்தியதாக அண்ணி சொன்னா. முதல் நாளில் பாத்திரம் கழுவும் சத்தத்துக்கே துள்ளினீர்களாம். பழகிவிடும்.

நீங்கள் விமானத்தைத் தள்ளிப்போட்டு நின்றது நல்லதாகப் போயிற்று. நொத்தாரிசு காணி உறுதியைக் கத்திக் கத்தி வாசித்ததை நினைத்தால் இப்பவும் சிரிப்பு வருகிறது. எங்கள் குடும்ப விசயம் வவுனியா பஸ் நிலையம் வரைக்கும் கேட்டிருக்கும். ஆனால் முன்பக்கம் என்ற இடம் வந்ததும் நீங்கள் அவரை நிறுத்தி, "அதைத் திரும்ப ஒருக்கா வாசியுங்கோ" என்றீர்கள். உங்களுக்குக் கேட்காமல் சொன்னீர்களா, எனக்குக் கேட்கட்டும் என்று சொன்னீர்களா என்று நான் இன்னும் யோசிக்கிறேன்.

வாங்கினவர் வேலையைத் தொடங்கிவிட்டார். அறைகளை இடிக்கும்போது நான் கடைக்குள் இருந்து வெளியே போகவில்லை. வடிவம்மா ரேடியோவைச் சத்தமாகப் போட்டாள். லக்சிகா லீவில் வந்து சுவரைப் பார்த்துவிட்டு அழுதாள். பிறகு எங்களோடு நின்று ரொட்டி தட்டினாள். நடுக்கதவு இருந்த இடத்தில் இப்போது கல் வைத்துப் பூசியாயிற்று.

போன கிழமை புது உறுதியோடு சபைக்குப் போனேன். சுதாகரன் படிவத்தை நிரப்பினான்.

"உரிமையாளர் பெயர்?"

"நாகேஸ்வரி."

"பாவனை?"

"வியாபாரம்."

பேனையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தான். "அம்மா, அப்ப நீங்கள் எங்கை இருக்கிறியள்?"

"அதுக்குள்ளைதான். கதிரையளைத் தூக்கி மேசையிலை வைச்சிட்டுப் பாய் போடுறம்."

"ஒரு பகுதி வீடெண்டு போடட்டே? குறையும்."

அண்ணா, ஆசை இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் எந்தப் பகுதி என்று காட்ட முடியவில்லை. படுக்கிற இடத்தில்தான் விடிய மா குழைக்கிறோம்.

"வேண்டாம். கடை எண்டே போடும்," என்றேன். என் பெயரில் முதல் தரம் காலாண்டு வரியைக் கட்டிவிட்டு வந்தேன்.

அடுத்த முறை வந்தால் லொட்ஜில் நிற்க வேண்டாம். உங்களுக்கும் ஒரு பாய் இருக்கிறது. ஆனால் விடிய நாலரைக்கு எழும்பிவிட வேணும். ஐந்து மணிக்கு லொறிக்காரர் வந்து கதவைத் தட்டுவார்கள். அந்தச் சத்தம் இனி உங்களுக்கும் கேட்கும்தானே.

நாகேஸ்வரி